திருப்பத்துக்கு முன்னால் ஓர் உறுமல்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தாய். கோபம் வந்தால் நீ இங்கிலீஷுக்குப் போய்விடுவாய், அது எனக்குப் பழக்கம்தான். நான் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். டெல்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். மெதுவாகப் படிக்கிறவனால் கோபமாகப் படிக்க முடியாது என்பது என் அனுபவம். பிலாய் உருக்காலையில் டியூட்டி முடிந்து, குளித்துவிட்டு, ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார். எனக்கு அவசரம் இல்லை, உனக்கும் வேண்டாம்.

நீ கேட்டிருப்பதை முதலில் நானே திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். மாசியில் உனக்கும் வித்யாவுக்கும் கல்யாணம். அதற்கு முன்னால், பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, டெல்லிக்கு வெளியே அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பெண்கள் கார் பந்தயத்தில் அவள் ஓட்டப்போகிறாள். அவள் அண்ணன் வாங்கியிருக்கும் குட்டிக் காரில். நீ வேண்டாம் என்றாய், அவள் கேட்கவில்லை. 'நீ சொன்னால் கேட்பாள், நீயே ஒரு காலத்தில் அங்கே ஓட்டி, விபத்துக்குப் பிறகு புத்தி வந்து நிறுத்தியவள்தானே' என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அவள் ஓட்டினால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நான் அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம்.

புத்தி வந்து நிறுத்தினேன் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். நீயே எப்போதோ அப்படி ஒரு கதை கட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறாய் போல. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கோயம்புத்தூரில் என் அப்பா பஸ் வைத்திருந்தார். ஒர்க்‌ஷாப் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால், மற்றப் பெண்கள் கோலம் பழகிய வயதில் நான் கிளட்ச் பழகினேன். கல்யாணமாகி டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, உன் அப்பா அமைச்சகத்தில் ஒரு மேஜையும் வீட்டில் ஒரு சைக்கிளும் வைத்திருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி தன் சாம்பல் நிறக் காரை அவர் தலையில் கட்டினார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் வைத்த கார், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ஓட்டினேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். முதல் வருஷத்திலேயே அந்தப் பக்கத்து ரப்பர் பாய் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டுகிறவள் பக்கம் புதிது போல இருந்தது. தௌலா குவான் ரவுண்டானா வந்தால் போதும், அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே அவர் என்னோடு டெல்லி முழுக்கச் சுற்றினார். மெதுவாகப் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் காலை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை, பாவம்.

என்னோடு வேலை பார்த்த பஞ்சாபி டீச்சரின் அண்ணன் மோட்டார் கிளப்பில் இருந்தார். குளிர்காலத்து ஞாயிறுகளில் அந்த ஓடுதளத்தில் பந்தயம் வைப்பார்கள். பெண்கள் பந்தயத்துக்கு ஒரு வண்டி குறைகிறது, வா என்றாள். போனேன். அந்த இடத்தை நீ இப்போது பார்த்தால் என்ன நினைப்பாயோ தெரியாது. அன்றைக்கு அது பூமியில் இருப்பது போலவே இல்லை. இரண்டு பக்கமும் கடுகு வயல், கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள். நடுவில் அந்த நீண்ட சிமென்ட் பாதை பனிமூட்டத்துக்குள் போய்க் கரைந்துவிடும். தார் டின்களும் வைக்கோல் கட்டுகளும் வைத்துத் திருப்பங்களை அடையாளம் காட்டியிருப்பார்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொரு டின்னாகப் பனிக்குள்ளிருந்து வெளியே வரும். ஆர்.கே.புரத்தில் பால் டெப்போ வரிசையில் நின்றுவிட்டு வந்தவளுக்கு அதெல்லாம் கனவு மாதிரி இருந்தது. இன்றைக்கும் எனக்கு அது நடந்த இடமா, தூக்கத்தில் பார்த்த இடமா என்று சந்தேகம் வரும்.

வேகமாகப் போவது சுலபம், கண்ணு. நேர்ப்பாதையில் யாரும் போவார்கள். பந்தயமே அந்த நேர்ப்பாதையின் முடிவில்தான் இருக்கிறது, வேகத்தைக் குறைக்கிற இடத்தில். அப்பா கரோல் பாகில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை வாங்கி வந்தார். வண்டி ஓட்டத் தெரியாத மனுஷன், அதை வரிக்கு வரி தமிழில் எனக்குப் படித்துச் சொன்னார். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்கக்கூடாது, நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும். முதலில் அழுத்தமாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்கும்போதே, இடது காலால் கிளட்சை மிதித்து, வலது குதிகாலைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரில் ஒரு தட்டு தட்டி ரேஸ் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஒரு உறுமு உறுமும். அந்த உறுமலுக்குள் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கி, கிளட்சை விட வேண்டும். எஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்தில் கைகோத்துக்கொள்ளும், வண்டி குலுங்காது. உறுமலை விட்டுவிட்டுக் கியரை மட்டும் இறக்கினால், வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பின் சக்கரங்களை எஞ்சின் வெடுக்கென்று பிடித்து இழுக்கும். அப்புறம் வண்டி நம் பேச்சைக் கேட்காது.

இதைப் பழக இடம் ஏது? சமையலறைதான். நான் ஸ்டூலில் உட்காருவேன். சுவரில் சாய்த்த மணைப்பலகை பிரேக். அதன் பக்கத்தில் பூரிக்கட்டை ஆக்ஸிலரேட்டர். கையில் கரண்டி, அது கியர். அப்பா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, பத்திரிகையைப் பார்த்துத் தாளம் போடுவார். மிதி, கிளட்ச், தட்டு, கியர், விடு. நான் வெறுங்காலோடு ஓட்டுகிறவள். கால் விரலில் நம் ஊர் கனத்த வெள்ளி மெட்டி. பாதம் பிரேக்கில் சரியான இடத்தில் பதிந்தால் மெட்டி பலகையின் விளிம்பில் டிக் என்று இடிக்கும். அந்த டிக் கேட்டால்தான் குதிகாலைத் திருப்புவேன். காரிலும் அப்படியே. மெட்டி பெடல் விளிம்பில் இடிக்கும், குதிகால் தானாகத் திரும்பும். குக்கர் விசில் அடித்தால் அப்பா தாளத்தை நிறுத்தாமலே அடுப்பைத் தணிப்பார். நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பாய், ஒன்றாம் வகுப்பு. உன் அம்மாவும் அப்பாவும் என்ன பைத்தியக்காரத்தனம் செய்கிறார்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய்.

பழகப் பழக அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் எடை முழுதும் முன்னால் வந்து குனியும். காற்றுச் சத்தம் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் பொழுது அப்படியே நீண்டுகொண்டு போகும். ஒவ்வொரு வைக்கோல் துரும்பும் தெரியும். உள்ளங்காலில் பெடல் துடிப்பது தெரியும். அந்தக் காலத்து பிரேக், சூடேறினால் பிடிமானம் குறையும், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முன்னதாகவே பிடிக்க வேண்டும், அதையும் கால்தான் சொல்லும். பிறகு அந்த உறுமல், கியர், திருப்பம், மறுபடி மஞ்சள். கியரை இறக்குவது வண்டியை நிறுத்துவதற்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நீயும் அப்படித்தான் ஓட்டுகிறாய், உன்னோடு வரும்போது எனக்கு முதுகு வலிக்கிறது. நிறுத்துவது பிரேக்கின் வேலை. கியரை இறக்குவது திருப்பத்துக்கு அப்புறம் போவதற்காக.

இனி நீ விபத்து என்று எழுதியிருக்கிற நாள். அன்று வெறுங்காலோடு ஓட்டக்கூடாது என்று புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பஞ்சாபி டீச்சர் தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றித் தந்தாள். மெட்டியோடு கால் நுழையவில்லை. பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்த ஹேண்ட் பம்பில் காலை நனைத்து, திருகித் திருகி மெட்டியைக் கழற்றினேன். கல்யாணத்தன்று உன் அப்பா போட்டது, அதுவரை கழற்றியதே இல்லை, உன் பிரசவத்தின்போதுகூட. புருஷன் குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் நிற்கும்போது மெட்டியைக் கழற்றுவது நம் பக்கத்தில் என்ன மாதிரியான காரியம் என்று உனக்குத் தெரியாது, நீ டெல்லிக்காரன். அவரிடம் நீட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், உன்னைத் தூக்கித் தோளில் வைத்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அவர் எப்போதும் நிற்பது ஆரம்பக் கோட்டின் கயிற்றுக்குப் பக்கத்தில். முதல் சுற்றில் அங்கே பார்த்தேன், இல்லை. அடுத்த சுற்றிலும் பார்த்தேன், இல்லை. அந்த நினைப்போடு நேர்ப்பாதையின் முடிவுக்கு வந்தேன். பிரேக்கைச் சரியான இடத்தில்தான் பிடித்தேன். ஆனால் அந்த டிக் கேட்கவில்லை. ஷூவுக்குள் கால் குருடாகிவிட்டது. குதிகால் தன் சங்கேதத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தது, கை மட்டும் பழக்கத்தில் கியரை இறக்கி, இடது கால் கிளட்சை விட்டுவிட்டது. பின் சக்கரங்கள் ஒரு கணம் இறுகின. வண்டியின் பின்பக்கம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, என்னை முந்திக்கொண்டு வரப் பார்த்தது. ஒரு வைக்கோல் கட்டு மிதந்து போனது. பிறகு எல்லாம் மஞ்சள். கடுகுச் செடிகள் கண்ணாடியைத் தடவித் தடவி வண்டியை நிறுத்தின. எஞ்சின் அணைந்துவிட்டது. எங்கோ தேனீ சத்தம். கதவுக்கு வெளியே, கூரைக்கு மேலே, எங்கும் பூ. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான இடத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்ததில்லை.

பந்தயத்தில் கொடி காட்டும் கொடிக்காரர்கள் வருவதற்கு முன்பே அப்பா செடிகளை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். என் கையைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"அம்மிணி, பிரேக்கு செரியான எடத்துலதான் புடிச்சே. கியர் மாத்துனதும் கேட்டுது. நடுவுல அந்த உறுமல் மட்டும் வரலையே, ஏன்?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "மெட்டி இல்லீங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது, சமையலறையில் அந்த டிக்கைக் கேட்டவர் அவர் ஒருவர்தானே. கயிற்றுக்கிட்டே ஏன் நிற்கவில்லை, கோபமா என்று கேட்டேன். எந்தக் கோபத்தைச் சொல்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை.

"அங்க நின்னா நீ போறதுதான் தெரியும். இங்க நின்னாத்தான் நீ நிதானிக்கறது காதுல உழுகும்" என்றார்.

ஓடுதளம் முழுவதும் நடந்து அந்தத் திருப்பத்துக்கு வந்திருக்கிறார், கண்ணு. பேசாமல் போனது பயத்தில். பயந்த மனுஷன், பயத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நின்றார் பார்.

வண்டியில் ஒரு கீறல், எனக்கு அதுவும் இல்லை. மெட்டியை இரண்டு பேரும் மறந்தே போனோம். புதன்கிழமை இஸ்திரிக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, "பாபிஜி, யே ஆப்கா?" என்று, இது உங்களுடையதா என்று கேட்டு நீட்டினார். அதற்குள் செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயில் வரிசையில் எதிர் பிளாக்கு மாமி என் வெறும் விரலைப் பார்த்து முகம் வெளுத்து, உங்காத்துக்காரர் சௌக்கியம்தானே என்று விசாரித்திருந்தாள். அப்பாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. அந்த வாரமே சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய், மெட்டியோடு கால் நுழைகிற மாதிரி பெரிய சைஸில் எனக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். அடுத்த மாதப் பந்தயத்துக்கு. ஆகையால் விபத்துக்குப் பிறகு நான் நிறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மணைப்பலகையை மிதித்துப் பழகிக்கொண்டிருந்தேன். டிக் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது, ஆனால் கேட்டது.

நாங்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. அப்பா என்னை நோக்கி ஓடி வந்தபோது, உன்னை அந்தத் திருப்பத்தில் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். அம்மாவின் வண்டி பூவுக்குள் போய் மறைந்தது, பின்னாலேயே அப்பாவும் ஓடி மறைந்தார். அந்தப் பக்கம் நீ எதைப் பார்த்தாய் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு கொடிக்காரர் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ அழவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம்.

அடுத்த பந்தயத்தன்று காலையில் கார் சாவியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினோம். அரிசி டின்னில் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே அரிசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், நீ கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறாய். கை கால் எல்லாம் நடுங்குகிறது. பயந்தால் அப்போது உனக்கு ஹிந்திதான் வரும்.

"மத் ஜானா, அம்மா" என்றாய்.

போகாதே. அவ்வளவுதான். நான் சாவியை ஆணியில் மாட்டினேன். கிளப்பில் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. கொஞ்ச நாள் வரை அந்தப் பத்திரிகை கிடைத்தால் வாங்கி வந்து மேஜையில் வைப்பார். நான் பிரிக்க மாட்டேன். பிறகு அவரும் வாங்குவதை விட்டுவிட்டார். நான் உன்னை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. குழந்தை கேட்டது, தாய் கொடுத்தேன், அது என் இஷ்டம். வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். பனிமூட்டமான ஞாயிற்றுக்கிழமைகளில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது என் வலது குதிகால் இன்னும் தானாகத் திரும்பும். அதை நீ தெரிந்துகொண்டால் நல்லது என்று இன்றைக்குத் தோன்றியது.

வித்யா போன வாரம் வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "ஆண்ட்டி, அந்தக் கடைசி மோட்ல எங்கே பிரேக் பிடிப்பீங்க, யாத் இருக்கா?" என்று ஹிந்தி கலந்து, அந்தத் திருப்பம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? நீ அதைப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டாய். அவளிடம் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. நீ ரயில் ஏறி சனிக்கிழமை வந்து சேர். ஞாயிறு காலையில் அப்பாவோடு போய் அந்தத் திருப்பத்தில் நில், அவர் இப்போதே மஃப்ளரும் பிளாஸ்க்கும் எடுத்து வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமானால் மூடிக்கொள், காதை மூடாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லு, எந்தப் பாஷையிலாவது சொல்லு, அவளுக்குப் புரியும். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவேன் என்று மட்டும் சொல்லாதே. அது பயம் இல்லை, மிரட்டல். ஆறு வயதில் நீ என்னை மிரட்டவில்லை, நடுங்கினாய், அதனால்தான் கொடுத்தேன்.

உனக்காக ஒருத்தி வண்டியை நிறுத்தியாகிவிட்டது, கண்ணு. இந்த வீட்டில் இன்னொருத்தி நிறுத்த வேண்டாம்.

அம்மா